கை எங்க போகுதுன்னு பாருங்க: இறைச்சிக்கூடத்துல வேலை செய்யறவங்களுக்கு மிருகத்துகிட்ட இருந்து நோய் வராம இருக்க எப்படி சொல்லிக்கொடுக்கறது

மொத தடவை நான் இறைச்சிக்கூடத்துல கிளாஸ் எடுத்தப்போ புரொஜெக்டர் வச்சு, கிருமி படமெல்லாம் காட்டி, புருசெல்லோசிஸ், லெப்டோஸ்பைரோசிஸ், ஆந்த்ராக்ஸ்னு பேரா அடுக்கி ஒரு மணி நேரம் பேசினேன், எல்லாரும் அமைதியா கேட்டாங்க, கடைசில கைகூட தட்டினாங்க. மறுநாள் விடியக்காலைல வேலை நேரத்துல போய்ப் பாத்தா, முன்வரிசைல உக்காந்து தலையாட்டின அண்ணன் ரெண்டு கையாலயும் தோல இழுத்து உரிச்சுக்கிட்டு கத்திய வாயில கவ்விக்கிட்டு நிக்கறாரு. நான் சொன்னது அவருக்கு புரியாம இல்ல, புரிஞ்சுது. ஆனா அவரோட கை என்ன பண்ணணும்னு நான் ஒரு வார்த்தை கூட சொல்லலையே. நோயோட பேரு அவருக்கு எதுக்கு?

அதனால இத படிக்கற நீங்க மேஸ்திரியோ, கால்நடை டாக்டரோ, நர்ஸோ, இல்ல அங்கயே வேலை பாக்கற மூத்த ஆளோ, யாரா இருந்தாலும் ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கிருமிய பத்தி பாடம் எடுக்காதீங்க, கை போற வழிய பத்தி எடுங்க. கத்தி, கை, கண்ணு, வாய், மூச்சு, அப்புறம் வீட்டுக்கு போற துணி. இந்த வழிதான் பாடம், நோயெல்லாம் அதுல அங்கங்க வந்து சேரும்.

கிளாஸுக்கு முன்னாடி ஒரு ஷிஃப்ட் முழுக்க நில்லுங்க

முழு ஷிஃப்ட்னா முழு ஷிஃப்ட், மிருகம் உள்ள வர்றதுல இருந்து தரை கழுவி முடிக்கற வரைக்கும். குறை கண்டுபிடிக்க வந்த ஆபீசர் மாதிரி நிக்காதீங்க, கம்பூட்ஸ் மாட்டிக்கிட்டு ஓரமா நின்னு ஒரே ஒருத்தரோட கைய மட்டும் தொடர்ந்து பாருங்க. எத்தனை தடவை மூக்க துடைக்கறாரு, போன் அடிச்சா எந்த கையால எடுக்கறாரு, தண்ணி பாட்டில் மூடிய எதால திறக்கறாரு (பல்லால திறக்கறவங்க நிறைய பேரு), சிகரெட் பத்த வைக்கறதுக்கு முன்னாடி கை கழுவினாரா, கத்திய எங்க சொருகறாரு, வெட்டுப்பட்டா என்ன பண்றாரு. எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கோங்க, ஆனா யாரோட பேரையும் எழுதாதீங்க, பேரு எழுதறீங்கன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் உங்ககிட்ட யாரும் உண்மை பேச மாட்டாங்க.

அதே நாள்ல குழாயையும் பாருங்க. வேலை செய்யற இடத்துல இருந்து பத்து எட்டுக்குள்ள தண்ணி வர்ற குழாய் இருக்கா, சோப்பு இருக்கா, கை படாம முட்டியாலயோ காலாலயோ திறக்கற மாதிரி இருக்கா. இல்லன்னா மொதல்ல முதலாளிகிட்டயோ நிர்வாகத்துகிட்டயோ போய் அத கேளுங்க, அது வந்தப்புறம் கிளாஸ் வைங்க. குழாயே இல்லாத இடத்துல போய் கை கழுவுங்கன்னு சொல்றது அந்த மனுசங்கள அவமானப்படுத்தறது. இதுல நான் விட்டுக்கொடுக்கறதே இல்ல, இதனால ரெண்டு இடத்துல கிளாஸ் தள்ளிப்போயிருக்கு, போகட்டும்.

மொத நாள் கிளாஸ்: கலர் எண்ணெய்

ஒரு பத்துப் பன்னண்டு பேரு போதும், அதுக்கு மேல கூட்டம் சேந்தா பின்னாடி நிக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம், வேலை முடிஞ்சப்புறம் வச்சா உடம்பு வலில எப்படா விடுவாங்கன்னுதான் நிப்பாங்க. வேற மொழி பேசற ஆளுங்க இருந்தா அவங்கள்ல ஒருத்தர பக்கத்துல நிறுத்தி சொல்லச் சொல்லுங்க, படிக்கத் தெரியாதவங்க இருப்பாங்கன்னு நெனச்சே எல்லாத்தையும் தயார் பண்ணுங்க.

கொஞ்சம் சமையல் எண்ணெய்ல அடர்த்தியான சிவப்பு கலர் பொடிய குழைச்சு வச்சுக்கோங்க. யாராவது ஒருத்தர வரச்சொல்லி அவரோட ரெண்டு கையிலயும் அத தடவுங்க, இதான் ரத்தம்னு வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு, சும்மா பத்து நிமிஷம் எப்பவும் போல இருக்கச் சொல்லுங்க, கத்தி தீட்டட்டும், ஏப்ரன் கட்டட்டும், போன்ல யாருக்காவது பேசட்டும், தண்ணி குடிக்கட்டும். பத்து நிமிஷம் கழிச்சு அவர சுத்தி நின்னு எல்லாருமா எண்ணுங்க. போன், காது, மூக்கு நுனி, பாட்டில் வாய், பாக்கெட், குழாய் திருகு, பக்கத்துல நின்னவரோட தோள்பட்டை. ஒரு தடவை ஒருத்தரோட கண் ஓரத்துல சிவப்பு இருந்துச்சு, அவரு நான் கண்ண தொடவே இல்லன்னு சத்தியம் பண்ணாரு, கண்ணாடிய கையில கொடுத்ததும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. அதுக்கப்புறம் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கல.

அந்த எண்ணெயோடயே கை கழுவறதையும் சொல்லிக்கொடுத்துடுங்க. வெறும் தண்ணில கழுவினா போகாது, சோப்பு போட்டு நகக்கண்ணு, விரலிடுக்கு, கட்டை விரல சுத்தி, மணிக்கட்டு வரைக்கும் தேய்ச்சாத்தான் போகும், தேய்க்கறதுக்கு மட்டும் குறைஞ்சது 20 செகண்ட் ஆகும்னு அவங்களே பாத்துடுவாங்க.

இப்ப நோய பத்தி, வழி வழியா

வெட்டுக்காயம் வழியா. இதுலதான் நிறைய வரும். எலிக்காய்ச்சல், அதான் லெப்டோஸ்பைரோசிஸ், இதோட கிருமி மிருகத்தோட கிட்னிலயும் மூத்திரத்துலயும் இருக்கும், எலி மூத்திரம் கலந்த தண்ணிலயும் இருக்கும், கையில சின்ன கீறல் இருந்தா போதும் உள்ள போயிடும், கண்ணு வழியாவும் போகும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு சிவக்கறது, முத்திப்போனா மஞ்சக்காமாலை, கிட்னி பாதிப்புன்னு போகும், சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா நல்லா கேக்கும். பன்னி அறுக்கறவங்களுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ்னு ஒரு கிருமி இருக்கு, அது மூளைக்காய்ச்சல் வரவழைச்சு, பொழச்சாலும் காது கேக்காம பண்ணிடும். 2005-ல சீனாவோட சிச்சுவான் மாகாணத்துல இது 200 பேருக்கு மேல வந்து 38 பேரு செத்துப்போனாங்க, அவங்கள்ல நிறைய பேரு செத்த பன்னியையும் நோய் வந்த பன்னியையும் கையால அறுத்தவங்க.

தெறிக்கறது வழியா. ரத்தம், கருப்பைல இருக்கற தண்ணி கண்ணுலயோ வாயிலயோ தெறிச்சா கன்றுவீச்சு நோய், அதான் புருசெல்லோசிஸ், உள்ள வரலாம். இது உடனே ஆளக் கொல்லாது, அதுதான் இதுல இருக்கற மோசம். சாயங்காலம் ஆனா காய்ச்சல், ராத்திரி வேர்வை, முதுகுவலி, மூட்டுவலி, வரும் போகும், வரும் போகும், மாசக்கணக்கா இழுக்கும், வேலை பாக்கறதால வர்ற வலின்னு நெனச்சு ஆளுங்க வலி மாத்திரை போட்டுக்கிட்டே இருப்பாங்க. ஆம்பளைங்களுக்கு விரை வீங்கும், அத வெக்கப்பட்டு யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க. இத கிளாஸ்ல நேரா, சத்தமா சொல்லுங்க, சிரிப்பு வந்தா வரட்டும், அன்னிக்கு சாயங்காலம் ஒருத்தர் தனியா வந்து உங்ககிட்ட பேசுவாரு. இதுக்கு ரெண்டு மருந்து சேத்து 6 வாரமாவது சாப்பிடணும், பத்து நாள்ல காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நிறுத்தினா திரும்பி வரும்.

மூச்சு வழியா. 1935-ல ஆஸ்திரேலியாவோட பிரிஸ்பேன்ல இறைச்சிக்கூட ஆளுங்களுக்கு என்னன்னே தெரியாத காய்ச்சல் வந்துச்சு, எட்வர்ட் டெரிக்னு ஒரு டாக்டர் அத ஆராய்ஞ்சு பாத்துட்டு, காரணம் புரியாததால, இங்கிலீஷ்ல கேள்விய குறிக்கற குவெரிங்கற வார்த்தையோட முதல் எழுத்த வச்சு கியூ காய்ச்சல்னு பேரு வச்சாரு. இந்த நோய முதல்ல உலகத்துக்கு காட்டினதே உங்கள மாதிரி வேலை செஞ்சவங்க உடம்புதான்னு சொன்னா ஆளுங்க நிமிந்து உக்காந்து கேப்பாங்க. இதோட கிருமி நஞ்சுக்கொடிலயும் கருப்பைத் தண்ணிலயும் கொள்ளையா இருக்கும், காய்ஞ்சு தூசியாகி காத்துல பறக்கும், மாசக்கணக்கா சாகாது, ரொம்ப கொஞ்சமா உள்ள போனாலே போதும். பக்கத்துல நிக்காதவங்களுக்கும், அந்த துணிய வீட்ல உதறி துவைக்கறவங்களுக்கும் இப்படித்தான் வருது. ஆஸ்திரேலியாவுல 1989-ல இருந்து இதுக்கு தடுப்பூசி இருக்கு, போடறதுக்கு முன்னாடி தோல் டெஸ்ட்டும் ரத்த டெஸ்ட்டும் பண்ணித்தான் போடுவாங்க, ஏற்கனவே இந்த கிருமி உடம்புல வந்துட்டுப் போனவங்களுக்கு போடக்கூடாது.

உண்ணி வழியா. கிரைமியன் காங்கோ காய்ச்சல் வந்த மாடோ ஆடோ பாக்க நல்லாவே இருக்கும், நோயோட அடையாளமே இருக்காது, ஆனா ஒரு வாரத்துக்கு ரத்தத்துல வைரஸ் ஓடிக்கிட்டிருக்கும். தோல்ல ஒட்டியிருக்கற உண்ணிய வெறும் கையால புடுங்கறது, நகத்தால நசுக்கறது ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க. இந்த நோய் வந்தா நூத்துக்கு 10-ல இருந்து 40 பேரு வரைக்கும் சாகறாங்க, பயமுறுத்தறதுக்கு சொல்லல, உண்ணிதானேன்னு யாரும் அலட்சியமா இருக்கக்கூடாதுன்னு சொல்றேன்.

இது எதுலயும் மாட்டாத புதுசும் வரும். 1999-ல சிங்கப்பூர்ல மலேசியாவுல இருந்து வந்த பன்னிங்கள அறுத்த 11 பேருக்கு நிபாங்கற வைரஸ் நோய் வந்து ஒருத்தர் செத்துப்போனாரு, அந்த நோய்க்கு அப்ப பேரு கூட வைக்கல. அதனாலதான் நோயோட பேர நம்பி பாடம் எடுக்காதீங்கன்னு சொல்றேன், வழிய அடைச்சு வச்சா பேரு தெரியாததும் உள்ள வராது.

எந்த நிமிஷத்துல ரொம்ப உஷாரா இருக்கணும்

வேலை முழுக்க ஒரே மாதிரி உஷாரா இருன்னு சொன்னா மனுசனால முடியாது. அதனால நாலு நிமிஷத்த மட்டும் பிரிச்சு சொல்லுங்க. சினையா இருக்கற மிருகத்தோட வயித்த திறக்கற நிமிஷம், கருப்பைய கீறக்கூடாது, முழுசா எடுத்து மூடி வச்ச டப்பாவுல போடணும், மடியையும் வெட்டக்கூடாது, பால் தெறிக்கும். மூத்திரப்பை எடுக்கற நிமிஷம், அந்த பையோட வாய கட்டிட்டு எடுக்கணும். குடல் கிழியற நிமிஷம். அப்புறம் ஹோஸ் போட்டு அடிக்கற நிமிஷம், பிரஷர் தண்ணிய ரத்தத்து மேலயும் குடல் மேலயும் அடிச்சா அது பனி மாதிரி எழும்பி நேரா மூச்சுக்குள்ள போகும், மொதல்ல ரப்பர் வைப்பர்ல தள்ளி அள்ளிட்டு அப்புறம் மெதுவா தண்ணி விடணும். இந்த நாலு நேரத்துலயாவது கண்ணாடியும் மாஸ்க்கும் கண்டிப்பா இருக்கணும், சினை மிருகத்த அறுக்கும்போது என்95ங்கற, நுண்ணிய தூசியையும் தடுக்கற மாஸ்க் இருந்தா ரொம்ப நல்லது.

கத்தியவே வைக்கக்கூடாத நேரமும் ஒண்ணு இருக்கு. நேத்து வரைக்கும் நல்லா இருந்த மிருகம் திடீர்னு செத்துக்கெடக்குது, வயிறு உப்பியிருக்கு, மூக்கு, வாய், ஆசனவாய்ல கருப்பா உறையாத ரத்தம் வடியுதுன்னா அது அடைப்பானா இருக்கலாம், அதான் ஆந்த்ராக்ஸ். அத அறுத்தா காத்து பட்டதும் கிருமி வித்து மாதிரி மாறிடும், அப்புறம் அந்த மண்ணுல பல வருஷம் கெடக்கும். யாரும் கிட்ட போகாம டாக்டர கூப்பிடணும். இது வந்த ஆளுக்கு கையில கொப்புளம் மாதிரி வந்து நடுவுல கருப்பா பொருக்கு கட்டும், வலியே இருக்காது, வலிக்கலையேன்னு விட்டுடுவாங்க, அதனால வலிக்காத கருப்பு புண்ணுன்னா உடனே ஆஸ்பத்திரின்னு மனப்பாடம் ஆகற வரைக்கும் சொல்லுங்க. எச்சில் ஒழுக்கிக்கிட்டு, கத்திக்கிட்டு, தடுமாறி நடக்கற மிருகத்தையும் அதே மாதிரி தனியா நிறுத்தணும், ரேபிஸா இருந்தா அதோட வாய்க்குள்ள கை விட்டவருக்கு ஊசி போட்டே ஆகணும்.

கிளவுஸ கழட்டறது

போடறத எல்லாரும் பண்ணிடுவாங்க, கழட்டறதுலதான் கோட்டை விடறது. கத்தி பிடிக்காத கையில கம்பி வலை கிளவுஸ் போட்டு அதுக்கு உள்ள ரப்பர் கிளவுஸ் இருக்கணும், கம்பி வலை வெட்ட தடுக்கும், ரத்தத்த தடுக்காது. கழட்டும்போது கிளவுஸோடயே கைய சோப்பு போட்டு கழுவிட்டு, வலைய கழட்டி வெந்நீர்ல போட்டுட்டு, ஒரு ரப்பர் கிளவுஸோட மணிக்கட்டு பக்கத்த வெளியில இருந்து கிள்ளிப் பிடிச்சு உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உரிக்கணும், அத இன்னொரு கையிலயே சுருட்டி வச்சுக்கிட்டு, வெறும் கையோட விரல இன்னும் போட்டிருக்கற கிளவுஸுக்கு உள்ள, தோல ஒட்டி விட்டு அதையும் அப்படியே உரிச்சா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிடும். தோல் உரிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது ரெண்டே தடவைல வந்துடும், அவங்க உரிக்கறத விட எனக்கு மெதுவாத்தான் வரும். கலர் எண்ணெய் தடவின கிளவுஸ்ல ஒவ்வொருத்தரையும் பண்ண வைங்க, கையில சிவப்பு ஒட்டாம வர்ற வரைக்கும்.

கத்திய ஒவ்வொரு மிருகத்துக்கும் நடுவுல கழுவி 82 டிகிரி வெந்நீர்ல முக்கணும். ரெண்டு கத்தி வச்சுக்கிட்டா ஒண்ணு முங்கியிருக்கும்போது இன்னொண்ணுல வேலை ஓடும், அப்பத்தான் இத நிஜமாவே செய்வாங்க. மொக்கை கத்திதான் வழுக்கி கைய வெட்டும், அதனால தீட்டறதுக்கு நேரம் கொடுக்கச் சொல்லி மேஸ்திரிகிட்டயும் பேசுங்க. கத்திய வாயில கவ்வறத நிறுத்த இடுப்புல ஒரு உறை கொடுத்துட்டா போதும், நான் முதல்ல சொன்ன அண்ணன் உறை கொடுத்த அன்னிக்கே நிறுத்திட்டாரு.

தரையில ரத்தத்து மேலயே பிளீச்ச ஊத்தினா வேலை செய்யாது, அழுக்கே அத தின்னுடும். அள்ளி, சோப்புத்தண்ணி போட்டு கழுவி, அப்புறம் 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு தண்ணி ஒம்பது பங்கு கலந்து ஊத்தி பத்து நிமிஷம் விடணும். ஆசிடோட கலக்கவே கூடாது.

வெட்டுப்பட்டா, கண்ணுல தெறிச்சா

வெட்டுப்பட்ட விரல வாயில வச்சு சப்பறது எல்லாரும் யோசிக்காம பண்றது, மொதல்ல அத நிறுத்தணும். ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவி, அயோடின் மருந்து போட்டு, தண்ணி போகாத பிளாஸ்திரி ஒட்டி, அதுக்கு மேல கிளவுஸ். கண்ணுல தெறிச்சா சுத்தமான தண்ணில 15 நிமிஷம் கண்ண திறந்து வச்சு கழுவணும். 15 நிமிஷம்னா வேலைக்கு நடுவுல ரொம்ப நேரம், நின்னா திட்டுவாங்கன்னு ஆளுங்க மூணு நிமிஷத்துல ஓடிடுவாங்க, அதனால கழுவற நேரத்துக்கு கூலி பிடிக்க மாட்டோம்னு நிர்வாகத்த எல்லார் முன்னாடியும் சொல்ல வைங்க. டெட்டனஸ் ஊசி எல்லாரும் போட்டிருக்காங்களான்னு பாருங்க.

வீட்டுக்கு எதையும் கொண்டு போகாம

வேலைத்துணி, பூட்ஸ் வேலை இடத்துலயே நிக்கணும், குளிச்சிட்டு வேற துணில வீட்டுக்கு போகணும். துவைக்க எடுத்துட்டுப் போயே ஆகணும்னா கவர்ல கட்டி, உதறாம, தனியா துவைக்கணும். கர்ப்பமா இருக்கற பொண்ணுங்கள கருப்பை, நஞ்சுக்கொடி, செத்த குட்டி எதையும் தொட விடாதீங்க, கியூ காய்ச்சலும் புருசெல்லாவும் கருவ கலைக்கலாம், வேற இடத்துல வேலை கொடுக்கணும், வேலைய விட்டு அனுப்பக்கூடாது. நீர்க்கட்டி இருக்கற ஈரல், நுரையீரல நாய்க்கு பச்சையா வீசறத நிறுத்தணும், நாய் வயித்துல அது புழுவாகி, முட்டை வெளிய வந்து, குழந்தைங்க கை வழியா மனுசங்க ஈரல்ல கட்டியா வளரும்.

எதிர்த்துப் பேசறவங்க

"இருவது வருஷமா பண்றேன், எனக்கு என்ன ஆச்சு?" இது கண்டிப்பா வரும், பெரும்பாலும் எல்லாரும் மதிக்கற மூத்த ஆளுகிட்ட இருந்துதான் வரும். மல்லுக்கு நிக்காதீங்க. அண்ணே, இந்த இருவது வருஷத்துல காரணம் தெரியாம ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சல்ல படுத்திருக்கீங்களா, முதுகுவலி எப்பல இருந்துன்னு மெதுவா கேளுங்க. பதில் அவரே சொல்லுவாரு, சொல்லாட்டியும் யோசிப்பாரு. அப்புறம் அவரையே அடுத்த கிளாஸுக்கு கலர் எண்ணெய் தடவற ஆளா போடுங்க, நீங்க பத்து தடவை சொல்றத அவரு ஒரு தடவை சொன்னா போதும். சரக்கு அடிச்சா கிருமி செத்துடும்னு சொல்றவங்களுக்கு, வயித்துக்குள்ள போறது காயத்து வழியா போன கிருமிய எட்டிப்பாக்கவே பாக்காதுன்னு சொல்லுங்க.

டாக்டர்கிட்ட சொல்ல ஒரு வரி

எல்லாத்தையும் மறந்துட்டாலும் இது மறக்கக்கூடாது. ஆளு காய்ச்சலோட போவாரு, டாக்டர் கேக்க மாட்டாரு, இவரும் வேலைய சொல்ல மாட்டாரு, சிலர் கூச்சப்பட்டு சும்மா கூலி வேலைன்னு சொல்லிடுவாங்க, அவ்வளவுதான், சாதாரண காய்ச்சல் மாத்திரையோட திரும்பி வருவாரு. பாக்கெட்ல வைக்கற மாதிரி லேமினேட் பண்ண சின்ன அட்டை ஒண்ணு எல்லாருக்கும் கொடுங்க. அதுல எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"நான் மிருகங்களை அறுக்கும் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்கிறேன். ரத்தம், சிறுநீர், நஞ்சுக்கொடி என் மேல் படும். எனக்குக் காய்ச்சல் இருந்தால் புருசெல்லா, எலிக்காய்ச்சல், கியூ காய்ச்சல் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்."

கீழ வெறுமையா ரெண்டு கோடு விடுங்க, கடைசியா வெட்டுப்பட்ட தேதி, சினை மிருகத்த அறுத்த தேதி எழுதிக்க. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தெரியும், கியூ காய்ச்சலுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும், புருசெல்லா மாசக்கணக்கு கூட ஆகலாம், அதனால தேதி கையில இருந்தா டாக்டருக்கு பெரிய உதவி. முடிஞ்சா வேலைக்கு சேரும்போதே ஒரு தடவை ரத்தம் எடுத்து டெஸ்ட் ரிசல்ட்ட பத்திரமா வைங்க, பின்னாடி நோய் வந்தா புதுசா பழசான்னு ஒப்பிட்டு பாக்கலாம்.

ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப போங்க, கேள்வித்தாள் கொடுக்காதீங்க, சாப்பாட்டு நேரத்துல குழாய் பக்கத்துல உக்காந்து எண்ணுங்க. இருவது பேர்ல எத்தனை பேரு சோப்பு தொட்டாங்க, எத்தனை பேரு ஏப்ரன கழட்டிட்டு சாப்பிட வந்தாங்க. ஏழு பேருதான்னா மீதி பதிமூணு பேர திட்டாதீங்க, சோப்பு தீந்துருச்சா, குழாய்ல கூட்டமா, சாப்பாட்டு நேரம் பத்து நிமிஷம்தானான்னு கேளுங்க. எனக்கு ஒரு இடத்துல கிடைச்ச பதில், சோப்பு மேஸ்திரி ரூம்ல பூட்டி இருக்குங்கறதுதான். அன்னிக்கு கிளாஸே எடுக்கல, ஒரு கயிறு வாங்கி சோப்ப வலைப்பையில போட்டு குழாய்ல கட்டிட்டு வந்தேன், அடுத்த மாசம் போனப்போ அதே கயிறுல மூணாவது சோப்பு தொங்கிச்சு.